படர்தாமரைக் களிம்பிலிருந்து ஈஸ்ட் மரபணுத்தொகுதி வரை: ஒரு மாலையில் செய்து பார்க்கலாம்

கடலூர் முதுநகரில் வேர்வை லேசில் காயாது. துறைமுகத்தில் வலை இழுப்பவரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வருபவர் வரை, படர்தாமரையோடு மல்லுக்கட்டாதவர் குறைவு. மெடிக்கலில் ஒரு களிம்பு வாங்கித் தடவுகிறோம், அரிப்பு அடங்குகிறது. சரி, அந்தக் களிம்பு பூஞ்சையைத் தாக்கிவிட்டு நம் தோலை மட்டும் ஏன் விட்டுவைக்கிறது? பூஞ்சை செல்லும் நம் செல்லைப் போலவே உட்கரு உள்ளதுதானே?

இந்த ஒரு கேள்வியோடு பூஞ்சையின் மரபணுத்தொகுதியை, அதாவது அதன் மொத்த டிஎன்ஏ வரிசையை, திறந்து பார்ப்போம். லேப்டாப்பும் இணையமும் போதும். காசு செலவில்லை.

படி 1: டியூபைப் படியுங்கள்

க்ளோட்ரிமசோல், கீட்டோகொனசோல், லூலிகொனசோல் என்று ஏதாவது இருக்கும். இவை எல்லாம் அசோல் குடும்பம். நம் செல்சவ்வில் கொலஸ்ட்ரால் இருப்பதுபோல் பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டெரால் இருக்கிறது. அதைத் தயாரிக்கும் நொதிகளில் ஒன்றைத்தான் அசோல்கள் முடக்குகின்றன. அந்த நொதிக்கான மரபணுவின் பெயர் ஈஆர்ஜி11.

ஒரு எச்சரிக்கை. க்ளோபெட்டசால் என்ற பெயரும் காதுக்கு அசோல் மாதிரியே ஒலிக்கும். அது ஸ்டீராய்டு. அரிப்பை அமுக்கிவிட்டுப் பூஞ்சையைப் பரவ விடும். எங்கள் வீட்டு டியூபில் இரண்டும் கலந்திருந்தது. டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.

படி 2: ஈஸ்டில் தேடுங்கள்

படர்தாமரையை விட்டுவிட்டு ஈஸ்டுக்கு ஏன் போக வேண்டும்? பூஞ்சைகளில் நன்றாக வாசிக்கப்பட்டது அதுதான். உட்கரு உள்ள உயிர்களிலேயே முதன்முதலாக, 1996-ல், முழு மரபணுத்தொகுதியும் வெளிவந்தது ஈஸ்டுக்குத்தான். 16 குரோமோசோம்கள், சுமார் 1.2 கோடி டிஎன்ஏ எழுத்துகள், ஏறக்குறைய 6,000 மரபணுக்கள். புதுச்சேரி பேக்கரிகளில் ரொட்டியை உப்ப வைப்பதும் இதே இனம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்கான புரதத்தையும் ஈஸ்ட் வகைகளை வைத்தே தயாரிக்கிறார்கள்.

கூகுளில் 'சாக்கரோமைசஸ் ஜீனோம் டேட்டாபேஸ்' (சாக்கரோமைசஸ் என்பது ஈஸ்டின் அறிவியல் பெயர்) என்று தேடித் திறந்து, மேலே உள்ள தேடல் பெட்டியில் ஈ, ஆர், ஜி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும் ஒட்டினாற்போல் 11-ஐயும் தட்டுங்கள்.

வரும் பக்கத்தில் இன்னொரு பெயர் கண்ணில் படும்: ஒய்எச்ஆர்007சி. முதலில் பார்த்தபோது வண்டி நம்பர் என்றே நினைத்தேன். உண்மையில் இது முகவரி. ஒய் என்றால் ஈஸ்ட். எச் எட்டாவது எழுத்து, அதனால் எட்டாவது குரோமோசோம். ஆர் என்றால் அதன் வலது கை. 007 என்றால், இரண்டு கைகளும் சேரும் நடுமுடிச்சிலிருந்து எண்ணினால் ஏழாவது. கடைசி சி, டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் எந்த இழை என்று சொல்கிறது. டிஎன்ஏவின் அமைப்பை வாட்சனோடு சேர்ந்து சொன்ன கிரிக் என்ற விஞ்ஞானியின் முதல் எழுத்து. மற்ற இழைக்கு வாட்சனின் டபிள்யூ. இதைப் படிக்கத் தெரிந்தால் ஈஸ்டின் மற்ற மரபணுக்களில் பெரும்பாலானவற்றின் விலாசமும் அத்துப்படி.

படி 3: புரத வரிசையை எடுங்கள்

அதே பக்கத்தில் புரதத்துக்கான டேப் இருக்கும். உள்ளே 530 எழுத்துகள் (ஒவ்வொன்றும் ஓர் அமினோ அமிலம்), எம்-மில் தொடங்கும். காப்பி செய்துகொள்ளுங்கள். முதல் முறை நான் பக்கத்து டேப்பிலிருந்து டிஎன்ஏ வரிசையை எடுத்து ஒட்டிவிட்டு, ஏன் ஒன்றும் சரிவரவில்லை என்று அரை மணி நேரம் முழித்தேன். வரிசை முழுக்க ஏ, டி, ஜி, சி மட்டும் தெரிந்தால் தப்பான டேப்பில் இருக்கிறீர்கள்.

படி 4: மனிதனோடு ஒப்பிடுங்கள்

என்சிபிஐ என்ற அமெரிக்க அரசின் உயிரியல் தகவல் தளத்தில், வரிசைகளை ஒப்பிடும் பிளாஸ்ட் என்ற கருவி இருக்கிறது. அதில் புரதத்துக்கான பிளாஸ்டைத் திறந்து வரிசையை ஒட்டுங்கள். உயிரினம் கேட்கும் பெட்டியில் மனிதனைத் தேர்ந்தெடுத்து ஓட விடுங்கள். டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிடும், சில நேரம் கொஞ்சம் இழுக்கும்.

மேலே வருவது சிஒய்பி51ஏ1, ஈஆர்ஜி11-க்கு மனிதனில் உள்ள இணை. ஒரே புரதம் இரண்டு மூன்று வடிவங்களில் வரிசை கட்டும், குழம்ப வேண்டாம். ஒற்றுமைச் சதவீதத்தைப் பாருங்கள்: பாதிக்கும் குறைவு. அதைச் சொடுக்கிக் கடைசிப் பகுதி வரை இறங்குங்கள். ஈஸ்டில் எஃப்-ஜி-ஜி-ஜி-ஆர்-எச்-ஆர்-சி-ஐ-ஜி-ஈ. அதற்கு நேர் கீழே மனிதனில் எஃப்-ஜி-ஏ-ஜி-ஆர்-எச்-ஆர்-சி-ஐ-ஜி-ஈ. பதினொன்றில் ஒரே ஒரு எழுத்துதான் வேறு! நடுவில் இருக்கும் அந்த சி, ஓர் இரும்பு அணுவைப் பிடித்து வைத்திருக்கிறது. அசோல் போய்க் கவ்வுவது அந்த இரும்பைத்தான்.

அப்படியானால் மையம் நமக்கும் பூஞ்சைக்கும் ஒன்றே. மருந்து பிழைப்பு நடத்துவது மையத்தைச் சுற்றி அது போய் உட்காரும் பையின் வித்தியாசத்தில். சிஒய்பி என்ற இதே குடும்பத்தில் மனிதனுக்கு 57 மரபணுக்கள் உண்டு, கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளும் அதில் சேர்த்தி. அசோல் மாத்திரை எழுதும் முன் "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்பது சும்மா இல்லை.

படி 5: பெட்டியில் உயிரினத்தை மாற்றுங்கள்

மனிதனை எடுத்துவிட்டுப் பைரிகுலேரியா ஒரைசே என்று போடுங்கள். காட்டுமன்னார்கோயில் பக்கம் சம்பா நட்டவர்களுக்குத் தெரிந்த குலைநோய்ப் பூஞ்சை, 2005-ல் வாசிக்கப்பட்டது. இதில் ஏ, பி என்று இரண்டு சிஒய்பி51 இருக்கும். பயிருக்கும் அசோல் தெளிக்கிறார்கள் என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

அடுத்து ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ், நுரையீரலைத் தாக்குவது. அதன் ஏ வகை நொதியில் 98-வது எழுத்தை எண்ணிப் பாருங்கள்: எல், அதாவது லூசின். மருந்துக்கு அடங்காத வகைகள் சிலவற்றில் அந்த இடத்தில் ஹிஸ்டிடின் என்ற வேறு அமினோ அமிலம் இருக்கும், கூடவே மரபணுவின் முன்பகுதியில் 34 டிஎன்ஏ எழுத்துகள் இருமுறை வரும். வயலில் தெளித்த அசோல்கள் இதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

உங்கள் டியூபில் டெர்பினஃபைன் என்று இருந்தால் ஈஆர்ஜி11 உதவாது, ஈஆர்ஜி1-ஐத் தேடுங்கள். 2020-ல் பெயர் பெற்ற டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்ற படர்தாமரைப் பூஞ்சையில் ஈஆர்ஜி1 தரும் நொதியின் 397-வது எழுத்து மாறியிருந்தால் பல நேரம் டெர்பினஃபைன் எடுபடுவதில்லை. இன்று செய்த அதே படிகள்தான், முதல் பெட்டியில் தட்டும் எண் மட்டும் வேறு.