பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம்: வேலை நடக்கும்படி எழுதுவது எப்படி?

"கழிப்பறையைச் சீர்செய்து தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று, பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்த பள்ளி மேலாண்மைக் குழு தன் தீர்மான நோட்டில் எழுதி அனுப்பினால் ஓர் அலுவலகமும் அசையாது. எந்தக் கழிப்பறை, எத்தனை பிள்ளைகள், எது கெட்டது, யார் செய்ய வேண்டும் என்ற எதுவும் அதில் இல்லையே.

கூட்டத்துக்கு முன்பே தலைமை ஆசிரியரோடு உறுப்பினர்கள் இரண்டு பேர் பள்ளியைச் சுற்றி வந்துவிடுங்கள். கையில் டேப்பும் போனும் இருக்கட்டும். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்றால் உடனே புது போர்வெல் (ஆழ்துளைக் கிணறு) கேட்கக் கூடாது, முதலில் காரணத்தைப் பிடியுங்கள். பல ஊர்களில் ஊராட்சித் தண்ணீர் விடுவது விடிகாலையில். அப்போது பள்ளி கேட் பூட்டியிருக்கும், வால்வைத் திறக்க ஆள் இருக்காது. அதனால் மாடித் தொட்டி காய்ந்தே கிடக்கும். தொட்டிக்குள் ஒரு மிதவை வால்வைப் பொருத்தி, கீழ் வால்வைத் திறந்தே விட்டால் தானாக நிரம்பி தானாக நிற்கும். இதற்குப் போய் லட்சக்கணக்கில் மதிப்பீடு கேட்டு மனு போட்டால் ஆண்டுகள்தான் ஓடும்.

அடுத்து, யாரிடம் கேட்பது என்பது. இங்கேதான் பெரும்பாலான தீர்மானங்கள் வழி தவறுகின்றன. ஊராட்சி ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் கட்டடப் பழுதுக்கு வட்டார வளர்ச்சி அலுவலர். தண்ணீர், தெருவிளக்கு, குப்பைக்குக் கிராம ஊராட்சி. ஆசிரியர் பணியிடத்துக்கு வட்டாரக் கல்வி அலுவலர். மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் மூவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். ஒரு குறைக்கு ஒரு தீர்மானம், அதற்கு ஓர் எண்.

வாசகம் இப்படி இருக்கலாம்: "தீர்மானம் 3: பெண் பிள்ளைகள் 34 பேருக்கு இருக்கும் 2 கழிப்பறைகளில் ஒன்றின் கதவு கீலோடு பெயர்ந்துள்ளது; பூட்ட முடியாததால் பயன்படுத்துவதில்லை. ஆண், பெண் இருபாலருக்கும் தனிக் கழிப்பறை கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணைப்படி கட்டாயம். 30 நாளுக்குள் கதவு மாற்றித் தர வட்டார வளர்ச்சி அலுவலரைக் கோருகிறோம். படம் 2 இணைப்பு."

கூடுதல் ஆசிரியர் வேண்டும் என்று கேட்கும்போது பிள்ளைகளின் எண்ணிக்கைதான் பேசும். அதே சட்டப்படி, 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3. தமிழ்நாட்டில் பணியிடக் கணக்கு ஆகஸ்ட் 1 நிலவரப்படி எடுக்கப்படும். ஊரில் சேராமல் இருக்கும் ஐந்தாறு பிள்ளைகளை ஜூலைக்குள் சேர்த்துவிட்டுக் கேளுங்கள். செப்டம்பரில் சேர்த்தால் அந்த ஆண்டுக் கணக்கில் வராது.

குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். வேலைக்குப் போகும் அம்மாக்கள் வர முடியாத நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, மறுநாள் பிள்ளையிடம் நோட்டைக் கொடுத்தனுப்பி கையெழுத்து வாங்குவது பரவலான வழக்கம். அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். தீர்மானத்தை உரக்கப் படித்த பிறகே கையெழுத்து. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து கேட்டால், எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

நகல் இரண்டு எடுத்து, ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த கிராம சபையில் அதே எண்ணோடு வையுங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முத்திரை போட்ட நகலைக் கையோடு கொண்டுபோக வேண்டும்; இல்லையென்றால் "மனுவே வரவில்லை" என்ற ஒரே பதிலில் பேச்சு முடிந்துவிடும்.