நெருப்பைத் தாங்கும் போர்ச்சீருடை: சௌகரியத்தையும் உழைப்பையும் எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈராக்கில் சாலையோர வெடிகுண்டுகள் வாகனங்களைக் கொளுத்திக்கொண்டிருந்த காலத்தில், 2006ஆம் ஆண்டு, அமெரிக்க மரைன் படை ஓர் உத்தரவு போட்டது: முகாமுக்கு வெளியே போகிறவர்கள் பாலியஸ்டர், நைலான் விளையாட்டு பனியன்களை அணியக் கூடாது. வெயிலுக்கு அவ்வளவு இதமாக இருந்த துணிதான் அது. ஆனால் தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. சௌகரியத்தை மட்டும் பார்த்துத் துணி தேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த பனியன் போதும். அதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. தீச்சோதனையில் தேறியதே போதும் என்று நினைத்து, இரண்டு மாதத்தில் கவட்டுத் தையல் கிழியும் கால்சட்டையைப் படைக்கு வாங்கிக் கொடுப்பது.

இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றே. புதிதாக, உலர்ந்து, மேசையில் விரித்துக் கிடக்கும் துண்டுத் துணியைச் சோதித்துவிட்டு, ஐம்பது முறை துவைத்து, வியர்வையில் ஊறி, முழங்கால் மடங்கும் சட்டைக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

இழை எது என்று பார்க்காமல் ‘எஃப்.ஆர்.’ முத்திரையை நம்புவது

‘எஃப்.ஆர்.’ (தீத்தடுப்பு) என்று ஒட்டியிருக்கும் எல்லாத் துணியும் ஒரே ஜாதி இல்லை. நோமெக்ஸ் போன்ற அரமிட் இழை பிறவியிலேயே தீயைத் தாங்கும். அது உருகாது, கருகும். எத்தனை முறை துவைத்தாலும் அந்தக் குணம் போகாது. தீத்தடுப்பு ரேயானில் தீயை அடக்கும் மருந்து, இழை வார்க்கும்போதே உள்ளே சேர்க்கப்படுகிறது. அதுவும் துவைப்பில் கழுவிப்போவதில்லை. பருத்தியில் மருந்தேற்றிய துணி வேறு கதை. குளோரின் பிளீச் அந்த மருந்தைச் சிதைக்கும். கடினநீரில் சோப்புப் போட்டுத் துவைத்தால் துணியில் படியும் சோப்புப் படிவமே எரிபொருள் ஆகிவிடும்.

அமெரிக்கத் தரைப்படையின் தீத்தடுப்புச் சீருடைக்குப் பயன்பட்ட டிஃபெண்டர் எம் துணியின் கலவையைப் பாருங்கள்: 65% தீத்தடுப்பு ரேயான், 25% பாரா-அரமிட், 10% நைலான். ரேயான் வியர்வையை உறிஞ்சும், அச்சுச் சாயத்தையும் நன்றாகப் பிடிக்கும். அரமிட் கருகிய பிறகும் துணியைச் சிதறாமல் பிடித்து வைக்கும். நைலான் உராய்வைத் தாங்கும். ‘நைலான் இருக்கிறதே, உருகாதா?’ என்று கேட்பது நியாயமான சந்தேகம். 10% அளவில் அது கருகும் இழைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்வதால் சொட்டுவதில்லை. அதே நைலான் பாதி, பருத்தி பாதி என்ற சாதாரணச் சீருடைத் துணியில் பருத்தி எரிய, உருகிய நைலானை அதுவே திரிபோலத் தாங்கி நிற்கும். ஆகவே இழையின் பெயரை மட்டும் கேட்காமல் சதவீதத்தையும் எழுத்தில் வாங்குங்கள்.

கிழிவுப் பலத்தைப் புதுத் துணியில் அளப்பது

பணம் அதிகமாக வீணாவது இந்த இடத்தில்தான்.

ஆலையிலிருந்து வரும் துணியில் பெரும்பாலும் சிலிக்கோன் மென்மையூட்டி பூசியிருப்பார்கள். அந்த வழுவழுப்பில், கிழியும் முனையில் நூல்கள் நகர்ந்து ஒன்றாகத் திரண்டு நிற்கும். ஒவ்வொரு நூலாக அறுவதற்குப் பதில் நாலைந்து நூல் சேர்ந்து எதிர்க்கும். கிழிவுப் பலத்தை அளக்கும் எல்மன்டார்ஃப் கருவியில் எண் அழகாக வரும். பத்துத் துவைப்பில் பூச்சு போனதும் நூல்கள் இறுகி நிற்கும், ஒவ்வொன்றாகப் பட்பட்டென்று அறும். ஆலை காட்டும் எண் பொய் இல்லை. அந்தத் துணி அதற்குமேல் அந்த நிலையில் இருப்பதில்லை, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது: துவைக்காதது, 5, 25, 50 துவைப்பு என்று நான்கு கட்டத்திலும் கிழிவு, இழுவை, உராய்வு மூன்றையும் அளக்க வேண்டும். பாவு (நீள நூல்), ஊடை (குறுக்கு நூல்) இரு திசையிலும் தனித்தனியாக. சராசரியைப் பார்க்காதீர்கள், பலவீனமான திசையின் எண்ணைப் பாருங்கள். கால்சட்டை கிழிவது அந்தத் திசையில்தான்.

நனைந்த நிலையிலும் அளப்பது அவசியம். நைலான்–பருத்திச் சீருடைக்குப் பழகியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பருத்தி நனைந்தால் பலம் கூடும், ரேயான் நனைந்தால் குறையும். வியர்வையில் நனைந்த கவட்டில், குந்தி எழும் நேரத்தில், ரேயான் அதிகமுள்ள துணி தன் பலத்தில் ஒரு பங்கை ஏற்கெனவே இழந்து நிற்கிறது.

மார்ட்டின்டேல் உராய்வுச் சோதனையில் ‘இத்தனை ஆயிரம் சுற்று’ என்று எண்ணை மட்டும் ஒப்பிடுவதும் பிழை. 9 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் வந்த எண்ணும் 12 கிலோபாஸ்கலில் வந்த எண்ணும் ஒன்றல்ல. முடிவுப் புள்ளியையும் கேளுங்கள். நெய்த துணியில் இரண்டு நூல் அறுந்ததும் நிறுத்துவதுதான் வழக்கம். ‘ஓட்டை விழும்வரை’ என்று ஓட்டினால் எண் பெருத்துவிடும்.

துணியைச் சோதித்து, தையலை விட்டுவிடுவது

சீருடை கிழிவது பெரும்பாலும் துணியின் நடுவில் இல்லை, தையல் ஓரத்தில். கவடு, முழங்கால் ஒட்டுத்துணியின் மேல் விளிம்பு, அக்குள், பைகளின் மூலை இந்த நாலும்தான் முதலில் போகும். ஊசி பெரிதாக இருந்தால் அதுவே பாவு நூலை அறுத்துவிடும். ஒரு அங்குலத்துக்குத் தையல் மிக நெருக்கமாக விழுந்தால், தபால்தலையை நீளக் கிழிப்பதுபோல அந்தக் கோட்டிலேயே துணி பிரியும். தையல் இணைப்பைத் தனித் துண்டாக வெட்டி இழுத்துப் பாருங்கள். நூல் அறுந்ததா, துணி கிழிந்ததா, தையலை விட்டு நூல்கள் நழுவி இடைவெளி விழுந்ததா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ‘தையல் போச்சு’ என்று ஒற்றை வரியில் எழுதினால் தையல்கூடத்துக்கு அது எந்த விதத்திலும் உதவாது.

துணி அரமிட், நூல் பாலியஸ்டர் என்று வந்துசேரும் சட்டைகளும் உண்டு. தீயில் நூல் உருகினால் தையல் திறந்துகொள்ளும். நூலும் அரமிட்டாகவே இருக்க வேண்டும். பெயர்ப்பட்டை, சின்னங்கள், வெல்க்ரோ, நைலான் பல் ஜிப் ஆகியவை தோலைத் தொடாதபடி உள்ளே துணி மறைப்பு இருக்கிறதா என்று சட்டையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். உலோக ஜிப் உருகாது. ஆனால் சூட்டைக் கடத்தும், அதற்கும் மறைப்பு வேண்டும்.

தீச்சோதனையின் எண்களைக் கலந்து படிப்பது

செங்குத்துச் சுடர்ச் சோதனையில் 300 மி.மீ. நீளம், 76 மி.மீ. அகலமுள்ள துண்டின் கீழ் விளிம்பில் 12 வினாடி சுடரைப் பிடிப்பார்கள். சுடரை எடுத்தபின் எவ்வளவு நேரம் எரிந்தது, எவ்வளவு நீளம் கருகியது என்று அளப்பார்கள். தொழிற்சாலைப் பணியாளர்களுக்கான அமெரிக்கத் தரமான என்.எஃப்.பி.ஏ. 2112-இல், எரிவது 2 வினாடிக்குள்ளும் கருகுவது 102 மி.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும். 100 துவைப்புக்குப் பிறகும் இது நிற்க வேண்டும். போர்ச்சீருடைக்காக எழுதிய தரம் இல்லை என்றாலும் ஒப்பிட வசதியானது.

இந்தச் சோதனை சொல்வது ஒன்றுதான்: துணி தானாக எரிந்துகொண்டே போகாது. உள்ளே இருக்கும் தோல் வேகுமா என்பதற்கு இதில் பதில் இல்லை. அதற்கு உணர்விகள் பதித்த பொம்மைச் சோதனை இருக்கிறது. சதுர மீட்டருக்கு 84 கிலோவாட் வெப்பத்தில் முழுச் சீருடையையும் பொசுக்கி, உடலில் எத்தனை சதவீதம் இரண்டாம், மூன்றாம் நிலைத் தீக்காயம் ஆகும் என்று கணிப்பார்கள். இந்த அறிக்கையில் மூன்று விவரம் இல்லாமல் சதவீதத்தை ஒப்பிடவே கூடாது: எத்தனை வினாடி, உள்ளே பருத்தி உள்ளாடை இருந்ததா, மூடாத தலையைக் கணக்கில் சேர்த்தார்களா. இல்லாவிட்டால், 3 வினாடிக்கு வந்த 20 சதவீதமும் 4 வினாடிக்கு வந்த 30 சதவீதமும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகி, ‘முதலாவதே மேல்’ என்ற தீர்ப்போடு கோப்பில் ஏறிவிடும்.

லைட்டரை வைத்து ஓரத்தைக் கொளுத்திப் பார்ப்பது எந்தச் சோதனையிலும் சேராது. விரல் சுடும், வேறு பயன் இல்லை.

சௌகரியத்தைக் கையால் தடவித் தீர்மானிப்பது

கைக்கு மெத்தென்று இருப்பது ஐந்து நிமிடச் சௌகரியம். நாள் முழுக்க உடுத்தும் சௌகரியத்தைத் தீர்மானிப்பது வேறு: வியர்வை ஆவி எவ்வளவு எளிதாக வெளியேறுகிறது, ஈரத்தில் துணி உடம்போடு ஒட்டுகிறதா, எவ்வளவு நேரத்தில் உலர்கிறது, தையல் எங்கே உரசுகிறது.

ஆவி எதிர்ப்பை ‘வியர்க்கும் தட்டு’க் கருவியில் 35 டிகிரியில், 40% ஈரப்பதத்தில் அளப்பார்கள். எண் குறைவாக இருந்தால் நல்லது. ஆனால் மார்பிலும் முதுகிலும் கவசத்தகடு மூடியிருக்கும் வீரருக்கு அந்த இடத்தில் துணி எவ்வளவு மூச்சுவிட்டாலும் பயன் குறைவு. கவசத்துக்கு அடியில் தேவை மெல்லிய பின்னல் துணி, மடிப்பும் பொத்தானும் இல்லாத நெஞ்சுப் பகுதி. கை, தோளுக்கு நெய்த துணி. கவசத்துக்குள் அணியும் சட்டைகள் இப்படி இரண்டு துணியில் பிறந்ததற்குக் காரணம் இதுதான். எனவே பகுதி பகுதியாக மதிப்பிட வேண்டும். ஒரே எண்ணைச் சட்டை முழுவதற்கும் போடுவது சரியில்லை.

எடையை மட்டும் பார்ப்பதும் ஏமாற்றும். 220 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 220 கிராம்) துணி இரண்டு இருந்தால் இரண்டும் ஒரே மாதிரி உடுத்தும் என்று அர்த்தமில்லை. ரேயான் தன் எடையில் பன்னிரண்டு பதின்மூன்று சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்தே வாங்கி வைத்துக்கொள்ளும். அரமிட் ஏறக்குறைய நாலைந்து சதவீதம்தான். முதலாவது தோலுக்கு இதம், ஆனால் நனைந்தால் கனக்கும், உலர நேரமாகும். இரண்டாவது சீக்கிரம் உலரும், ஆனால் சற்றுச் சொரசொரக்கும்.

தொளதொளப்பா, இறுக்கமா என்பது அழகுக் கேள்வி மட்டும் இல்லை. துணிக்கும் தோலுக்கும் இடையே சில மில்லிமீட்டர் காற்று இருந்தால் அதுவே வெப்பத்தடை. துவைத்துச் சுருங்கித் தோளிலும் தொடையிலும் இறுகிய சட்டை, சௌகரியத்தோடு பாதுகாப்பையும் இழக்கிறது. ஆகவே துணியில் 50 செ.மீ. அளவுக் குறிகளை அழியாத மையால் பாவு, ஊடை இரு பக்கமும் மூன்று மூன்றாகப் போட்டு, 5 துவைப்புக்குப் பிறகு அளந்துவிட்டுத்தான் அளவு அட்டவணையை முடிவு செய்ய வேண்டும்.

உடுத்திப் பார்க்கும் சோதனையில் நேரும் பிழைகள்

ஆளுக்கு ஒரு சட்டை கொடுத்து ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால், புதுச் சட்டை கிடைத்த சந்தோஷம்தான் பதிலாக வரும். ஒவ்வொருவரும் இரண்டு வகையையும் உடுத்த வேண்டும். பாதிப் பேர் முதல் வகையிலும் மற்றவர்கள் இரண்டாவதிலும் தொடங்க வேண்டும். உற்பத்தியாளர் பட்டையை அகற்றிக் குறியீட்டு எண் மட்டும் போடுங்கள். கேள்விகளும் ‘வசதியா?’ என்று நிற்கக் கூடாது. எங்கே உரசியது, நனைந்தபோது எங்கே ஒட்டியது, குந்தும்போது எங்கே பிடித்தது, கவசத்தின் கீழ் எங்கே அழுத்தியது என்று உடல் வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.

முழுச் சுமையோடு குந்தல், தவழல், ஏறல், படுத்துச் சுடும் நிலை எல்லாம் திட்டத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு சட்டைக்கும் துவைப்புக் கணக்கு எழுதுங்கள். கணக்கில்லாமல் கிழிந்து வந்த கால்சட்டை மூன்றாவது துவைப்பில் கிழிந்ததா, முப்பதாவதிலா என்று யாருக்கும் தெரியாது.

துவைப்பும் தைப்பும்

மென்மையூட்டியும் கஞ்சியும் துணியில் எரியக்கூடிய படலத்தை விட்டுச்செல்லும். ‘பளிச்’ வெண்மைக்குச் சோப்புத்தூளில் சேர்க்கும் ஒளிர்வுப்பொருள், இரவுக்கருவிகளின் பார்வையில் சீருடையைக் காட்டிக்கொடுக்கக்கூடும். குளோரின் பிளீச் அரமிட்டையும் கெடுக்கும். ‘டீட்’ உள்ள கொசுவிரட்டி எரியக்கூடியது, ரேயானையும் பாழாக்கும். அதற்குப் பதில், பெர்மெத்ரின் என்னும் பூச்சி மருந்தைத் தொழிற்சாலையிலேயே ஏற்றிய சீருடையாக வாங்குவது நல்லது. டீசலும் எண்ணெயும் பட்ட சட்டை, துவைக்கும்வரை தீத்தடுப்புச் சட்டை என்ற கணக்கில் வராது. மதிப்பீட்டுக் காலத்தில் இவற்றில் எதையாவது அனுமதித்தால், கிடைக்கும் முடிவு துணியைப் பற்றியதா சலவையைப் பற்றியதா என்று பிரிக்க முடியாது.

சோதனைக் காலத்தில் கிழிந்ததை உள்ளூர்த் தையல்காரரிடம் கொடுத்துச் சாதாரண பாலியஸ்டர் நூலில், கையில் கிடைத்த துணியில் ஒட்டுப் போட்டு வாங்குவதும் நடக்கிறது. ஒட்டு அதே துணியிலும் நூல் அரமிட்டிலும் இருக்க வேண்டும். அது முடியாதென்றால் அந்த உருப்படியைச் சோதனையிலிருந்து எடுத்து, கிழிந்த இடத்தையும் துவைப்பு எண்ணையும் குறித்து அப்படியே பையில் கட்டி வையுங்கள். ஆய்வுக்கூடத்துக்கு ஒட்டுப்போட்ட கால்சட்டையைவிட அந்தக் கிழிசலே தேவை.