பால் கவரின் மூலையைத் தனியாக வெட்டாதீர்கள்

பால் பாக்கெட்டைத் திறக்கும்போது மூலையை முழுசாக வெட்டி எடுக்காமல், துண்டு கவரோடு ஒட்டியிருக்கும்படி பாதி மட்டும் வெட்டுங்கள். அந்தச் சின்ன முக்கோணத்தை யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது. நேராகச் சாக்கடைக்குத்தான் போகும். கவர் பாலிஎத்திலீன், உருக்கி மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் பால் நாற்றத்தோடு கொடுத்தால் யார் வாங்குவார்கள்? அலசி, கவிழ்த்துக் காய வைத்துச் சேர்த்தால் பழைய பேப்பர்காரரே எடைக்கு எடுத்துக்கொள்வார்.

சிப்ஸ் பாக்கெட் அப்படியில்லை. உள்ளே மின்னுவது பிளாஸ்டிக்கில் படிந்த அலுமினியப் பூச்சு, எளிதில் பிரியாது. அதை மக்காத குப்பையில் போடுங்கள். தட்டுவடை செட் கட்டி வந்த எண்ணெய்த் தாளையும் பழைய பேப்பர் கட்டில் சொருகாதீர்கள்; எண்ணெய் ஏறிய தாள் மறுசுழற்சிக்கு ஆகாது. கிழித்து மக்கும் குப்பையில் போட்டால் போதும்.

சேலத்தில் மாம்பழ சீசன் வந்துவிட்டால் தோலும் கொட்டையும் குவியும். அதை பாலித்தீன் பையில் முடிச்சுப் போட்டுத் தருவது வேண்டவே வேண்டாம். தூய்மைப் பணியாளர் அதைக் கையால் கிழித்துப் பிரிக்க வேண்டியிருக்கிறது, பாவம். வாளியோடு கொண்டுபோய்க் கொட்டுங்கள்.

ஏற்காடு போனால் தின்பண்டக் கவர்களைப் பையில் போட்டுக் கீழே கொண்டு வந்துவிடுங்கள். உப்பு வாசனைக்குக் குரங்கு அதையும் மெல்லும்.

அப்புறம், பிளேடு, உடைந்த கண்ணாடியைத் தடிமனான தாளில் சுற்றி, என்னவென்று சொல்லித் தூய்மைப் பணியாளர் கையில் கொடுங்கள்.