செட்டிநாட்டு வீட்டுக்குள் பேக்-மேன்: திகில் விளையாட்டைத் திட்டமிடும் முறை

1980-இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனத்துக்காக டோரு இவாதானி வடிவமைத்த பேக்-மேன் விளையாட்டில் பேய்களுக்குக் குறைவில்லை. நாலு பேய், ஒரு புதிர்வழி, ஓயாத துரத்தல். ஆனாலும் யாருக்கும் பயம் வருவதில்லை, ஏனென்றால் மொத்தப் புதிர்வழியும் கண்முன் விரிந்து கிடக்கிறது. இருக்கும் இடம் தெரிந்துவிட்டால் பேய் ஓர் ஆட்டக்காய்தான். அந்தப் பார்வையை மட்டும் பிடுங்கிவிடுங்கள், அதே விதிகள் முதுகைச் சில்லிட வைக்கும். கட்டுக்குப் பின் கட்டாக நீளும் செட்டிநாட்டு வீடு இதற்கென்றே கட்டியது போல இருக்கும்.

கணினி இப்போதைக்கு வேண்டாம். கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரு பக்கக் குறிப்பு

ஆட்டக்காரர் யார், அவருக்கு என்ன வேண்டும், எப்படித் தோற்பார். மூன்றுக்கும் ஒவ்வொரு வரி. உதாரணமாக: பல வருடம் பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்பவர், வீட்டுக்காரர்கள் விடிந்தால் கல்யாணத்துக்கு வந்து இறங்குகிறார்கள், அதற்குள் எல்லா மாடத்திலும் விளக்கு ஏற்றியாக வேண்டும். மூல விளையாட்டில் தின்று தீர்க்க வேண்டிய 240 சிறு புள்ளிகளும், தின்றால் பேய்கள் சற்று நேரம் பயந்து ஓடும் 4 பெரிய புள்ளிகளும் உண்டு. இருட்டில் தடவிக்கொண்டு 240 விளக்கு ஏற்றச் சொன்னால் பயம் போய் அலுப்பு வந்துவிடும். 40 போதும். நாலு பெரிய புள்ளிகள் நாலு குத்துவிளக்காகட்டும். ஏற்றினால் 6 நொடிக்குப் பேய்கள் கிட்டே வராது.

உரிமை விஷயத்தை இங்கேயே முடித்துவிடுங்கள். பேக்-மேன் என்ற பெயர், மஞ்சள் வட்டம், பேய்களின் உருவம், ஒலிகள் எதையும் எடுக்காதீர்கள். விதிகளை எடுத்தாளலாம், தோற்றத்தை எடுக்கக் கூடாது. 1982-இல் கே.சி. மன்ச்கின் என்ற விளையாட்டு, பெயரை மாற்றியும் தோற்றம் மிகவும் ஒத்துப்போனதால் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அடிபட்டது. 'ரசிகர்கள் இலவசமாகச் செய்தது' என்று எழுதிவைத்தால் தப்பிக்கலாம் என்று நம்பாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. உண்மையான ஒரு வீட்டின் முகப்பை அப்படியே வரைந்து அதைப் பேய்வீடாக்க வேண்டாம். அந்த வீட்டுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நாலைந்து வீடுகளின் கூறுகளைக் கலந்து கற்பனை வீடு ஒன்றைக் கட்டுங்கள். முன்னோருக்குச் செய்யும் படைப்புச் சடங்கையும் ஊர்க் காவல் தெய்வங்களையும் பேய்ப் பட்டியலில் சேர்க்கவே கூடாது.

படி 2: வீட்டை வரைபடமாக்குவது

தொடக்கக்காரர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. ஒரு பழைய வீட்டின் தரைப்படத்தைப் பார்த்து அப்படியே வரைவார்கள். ஆட்டம் ஐந்து நிமிடத்தில் செத்துப்போகும். பேக்-மேன் புதிர்வழியில் முட்டுச்சந்தே கிடையாது. எங்கே நின்றாலும் தப்பிக்க இன்னொரு வழி இருக்கும். வளவை, அதாவது நடு முற்றமும் தாழ்வாரமும் சேர்ந்த பகுதியை, சுற்றியுள்ள அறைகளுக்கோ ஒரே கதவு. உள்ளே நுழைந்த பிறகு பேய் வாசலில் வந்து நின்றால் கதை முடிந்தது.

அதனால் தாழ்வாரங்களை மட்டும் பாதையாக எடுங்கள். நடுவில் முற்றம், சுற்றிலும் தூண்கள், தூணுக்கும் அறைக்கும் நடுவே தாழ்வாரம்: ஒரு கட்டு என்பது தானாகவே ஒரு வளையம். முதல் கட்டு 17×15 கட்டங்கள், இரண்டாம் கட்டு 17×13, மூன்றாம் கட்டு 17×11 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 39 வரிசை. தொடங்குவதற்கு இது தாராளம். பாதையின் அகலம் எங்கும் ஒரே கட்டம். இரண்டு கட்டுகளுக்கு நடுவே குறைந்தது இரண்டு வாசல் விடுங்கள். அறைகளை முழுவதும் தூக்கிப்போட வேண்டியதில்லை. மூன்றே அறைகளைத் திறந்துவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு முறை ஒளியலாம் என்று வையுங்கள்.

முற்றத்துக்குள் ஆட்டக்காரரை இறங்க விடாதீர்கள். திறந்தவெளி கிடைத்தால் வட்டமடித்தே தப்பித்துக்கொண்டிருப்பார். இறங்க முடியாது, ஆனால் அதைத் தாண்டிப் பார்க்க முடியும் என்றால்தான் முற்றம் பயன்படும். வானம் திறந்திருப்பதால் அங்கே மட்டும் நிலா வெளிச்சம். இந்தத் தாழ்வாரத்தில் நிற்கிறீர்கள். எதிர்த் தாழ்வாரத்தில் ஏதோ நடந்து போகிறது. ஒரு தூணுக்குப் பின் மறைகிறது, அடுத்த தூணுக்கு முன் தெரிகிறது, மறுபடி மறைகிறது. மூன்றாவது தூணைத் தாண்டி அது வரவில்லை. இதற்கு நிரல் எதுவும் எழுத வேண்டாம், தூண்கள் பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது சுரங்கவழி. மூல விளையாட்டில் இடது ஓரத்தில் வெளியேறினால் வலது ஓரத்தில் நுழைவோம். செட்டிநாட்டு வீட்டில் முன்வாசலில் நின்றால் பின்வாசல் நேர்கோட்டில் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். இதையே சுரங்கவழி ஆக்குங்கள். பின்வாசல் வழியாகத் தப்பித்து ஓடுகிறவர் முன்வாசல் வழியாக அதே வீட்டுக்குள் நுழைகிறார். முதல் இரண்டு முறை எதையும் மாற்ற வேண்டாம். மூன்றாவது முறை முகப்பைத் தாண்டியதும் தரையில் ஒரு ஆத்தங்குடி ஓடு (பூ வேலைப்பாடுள்ள தரை ஓடு) மட்டும் திரும்பிக் கிடக்கட்டும். நாலு ஓடு சேர்ந்து வரும் பூவின் கால்பாகம் தப்பான பக்கம் பார்க்கும். அது போதும், அலறும் முகம் எதுவும் வேண்டாம்.

படி 3: நாலு பேய், நாலு புத்தி

எல்லாப் பேய்க்கும் ஒரே அடிப்படை விதி. சந்திப்பு வந்ததும், அடுத்து போகக்கூடிய கட்டங்களில் எது தன் இலக்குக்கு நேர்க்கோட்டுத் தூரத்தில் கிட்டே இருக்கிறதோ அதில் திரும்பும். வந்த வழியே திரும்பாது. வேறுபாடு இலக்கில்தான்.

ஒன்றின் இலக்கு நீங்கள் நிற்கும் கட்டம். இரண்டாவதற்கு, நீங்கள் பார்க்கும் திசையில் நாலு கட்டம் முன்னால். அது மறிக்க வருகிறது. மூன்றாவது, உங்களுக்கு இரண்டு கட்டம் முன்னால் ஒரு புள்ளி வைத்து, முதல் பேயிலிருந்து அந்தப் புள்ளிக்குக் கோடு போட்டு, அதை அதே அளவு நீட்டிக்கும்; கோடு முடியும் இடம்தான் அதன் இலக்கு. நாலாவது எட்டுக் கட்டத்துக்கு அப்பால் இருந்தால் துரத்தும், கிட்டே வந்துவிட்டால் தன் மூலைக்குப் போய்விடும்.

இந்த நாலாவதைக் கவனியுங்கள். பழைய விளையாட்டில் அதை அப்பாவி என்பார்கள். ஆட்டக்காரருக்கு ஐந்து கட்டம்தான் தெரியும் என்று வைத்தால், அது எட்டாவது கட்டத்திலேயே திரும்பிவிடுகிறது. அதைப் பெரும்பாலும் பார்க்கவே முடியாது. நெருங்கி வரும் சத்தம் கேட்கும், பிறகு விலகும். இருப்பதிலேயே பயங்கரமானது அதுதான். அதன் மூலையில் கட்டாயம் ஒரு விளக்கு மாடம் வையுங்கள்.

ஏ-ஸ்டார் போன்ற, மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் நிரல்முறையைப் போட்டு நாலையும் ஆட்டக்காரர்மேல் ஏவினால், கொஞ்ச நேரத்தில் நாலும் ஒரே வரிசையில் பின்னால் வரும். சுற்றி வளைக்கும் உணர்வு போய்விடும்.

படி 4: வேகக் கணக்கு

மூல விளையாட்டின் முதல் சுற்றில் ஆட்டக்காரர் நொடிக்குச் சுமார் 7.6 கட்டம், பேய் சுமார் 7.1 கட்டம் நகரும். எதிரெதிரே வந்தால் 14.7. பார்வை நாலு கட்டம் என்றால், பேய் தெரிந்ததிலிருந்து மோதுவதற்கு 0.27 நொடி. அதற்குள் யாராலும் முடிவெடுத்துத் திரும்ப முடியாது. "இது ஏமாற்று" என்று விட்டுவிட்டுப் போவார்கள்.

ஆட்டக்காரருக்கு 3.5, பேய்க்கு 3.2, பார்வை ஐந்து கட்டம் என்று தொடங்குங்கள். இப்போது 0.75 நொடி கிடைக்கிறது. சத்தம் பத்துக் கட்டத்திலேயே கேட்கத் தொடங்கினால் 1.5 நொடி. இது நியாயமான பயம்.

வேகத்தைக் குறைத்தால் நேரத்தையும் மாற்ற வேண்டும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். மூலத்தில் பேய்கள் 7 நொடி கலைந்து தங்கள் மூலைக்குப் போகும், 20 நொடி துரத்தும். அந்த 7 நொடியில் அங்கே ஏறக்குறைய 50 கட்டம் போகலாம். உங்கள் வேகத்தில் 22 கட்டம்தான், மூலையை எட்டவே எட்டாது. 15 நொடி, 40 நொடி என்று வையுங்கள். மூச்சுவிட இடைவெளி இல்லாவிட்டால் பயம் மரத்துப்போகும்.

படி 5: இருட்டு

கோடோ (Godot) விளையாட்டு உருவாக்கும் இலவச மென்பொருள், சாதாரண மடிக்கணினியிலும் ஓடும். அதிலுள்ள கேன்வாஸ்மாடுலேட் (CanvasModulate) வைத்துக் காட்சியை இருட்டாக்கி, ஆட்டக்காரர்மேல் ஒரு பாயிண்ட்லைட்2டி (PointLight2D) விளக்கு வையுங்கள். முழுக் கறுப்பு வேண்டாம், கைப்பேசியில் பகலில் ஒன்றுமே தெரியாது. கருநீலம் சரியாக வரும். தூண் நிழல் விழவில்லை என்றால் இரண்டு இடம் பாருங்கள்: விளக்கின் ஷேடோ (நிழல்) அமைப்பு தொடக்கத்தில் அணைந்தே இருக்கும், டைல்செட்டில் (கட்டப் படங்களின் தொகுப்பு) ஒளியை மறைக்கும் அக்ளூஷன் லேயர் சேர்த்து, தூண் ஓட்டில் அதன் வடிவத்தை வரைந்திருக்க வேண்டும்.

ஆத்தங்குடி ஓட்டை நேர் மேலிருந்து படம் எடுத்து 32×32 பிக்சலுக்குச் சுருக்கி, நாலு நிறத்துக்குக் குறையுங்கள். நிறம் பளிச்சென்று இருந்தால் பேய் தரையோடு கலந்துவிடும், மங்கலாக்குங்கள்.

படி 6: சத்தம்

ஒவ்வொரு பேய்க்கும் தனிச் சத்தம்: இடுப்புச் சாவிக்கொத்து, ஊன்றுகோல், கண்டாங்கிச் சேலையின் சரசரப்பு, தாழ்ப்பாள். சாவிக்கொத்தை முதல் பேய்க்கும் தாழ்ப்பாளை நாலாவதற்கும் கொடுங்கள். பலர் கைப்பேசி ஒலிபெருக்கியில்தான் ஆடுவார்கள். தாழ்ந்த சுருதி உறுமல் அதில் கேட்காது, இடம் வலமும் சரியாகத் தெரியாது. தூரத்தைச் சத்தத்தின் அளவாலும் அது வரும் இடைவெளியாலும் காட்டுங்கள்.

பழைய வீட்டில் பதிவு செய்ய முடிந்தால் அதற்கு ஈடில்லை. "ஆச்சி, அரை மணி நேரம் கதவுச் சத்தம் மட்டும் பதிவு பண்ணிக்கிறோம்" என்று முதலில் அனுமதி கேளுங்கள், எதற்கு என்பதையும் சொல்லிவிடுங்கள். பதிவின் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவே இருக்கட்டும். யாரும் பேசாமல், அசையாமல் வளவின் மௌனத்தை 30 நொடி தனியாகப் பிடியுங்கள். பின்னணிக்கு அதுதான் அடித்தளம். திரும்பத் திரும்ப ஓடும் ஒலிகளை எம்பி3-யில் சேமித்தால் தொடக்கத்தில் சிறு வெற்றிடம் சேர்ந்து சத்தம் தடுக்கும்; ஓக் (.ogg) வடிவில் சேமியுங்கள்.

படி 7: படம் வரைவதற்கு முன் சோதனை

சுவருக்குச் சாம்பல் கட்டம், பேய்க்குச் சிவப்புக் கட்டம், சத்தம் மட்டும் உண்மையானது. இந்த நிலையில் ஐந்து பேரிடம் கொடுங்கள். உலாவியில் ஓடும்படி கொடுத்தால் 'தொடங்கு' பொத்தான் ஒன்று வையுங்கள். ஆட்டக்காரர் ஒரு முறை தொடும்வரை உலாவி ஒலியை விடாது.

விளக்கம் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து, பிடிபட்டதும் அவர்கள் சொல்லும் முதல் வார்த்தையை எழுதிக்கொள்ளுங்கள். "எங்கேயிருந்து வந்துச்சு?" என்றால் சத்தம் தாமதமாகத் தொடங்குகிறது, பத்துக் கட்டத்தைப் பன்னிரண்டாக்குங்கள். "சாவிச் சத்தம் கேட்டுச்சு, நான்தான் அந்தப் பக்கம் திரும்பிட்டேன்" என்று ஐந்தில் மூன்று பேர் சொன்னால், ஆத்தங்குடி ஓடு வரைய உட்காரலாம்.