தறிச் சத்தத்துக்கு நடுவே ஐந்து நிமிடம்

தியானம் பழகலாம் என்று தோன்றிய வாரமே ஏற்காட்டுக்குப் பஸ் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டிப் போய், பகோடா பாயிண்டில் ஒரு பாறை பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடினால், ஒரு குரங்கு பையை இழுத்துக்கொண்டு ஓடியது. கடைசியில் பழக்கம் பிடிபட்டது சேலம் அம்மாபேட்டை வீட்டில்தான். சுவருக்கு அந்தப் பக்கம் நான்கு விசைத்தறிகள் ஓடும். அதனால் அமைதியான இடம் தேடி அலைய வேண்டாம். வீட்டில் ஒரு மூலை போதும்.

முதலில் நேரம். பல் துலக்கிய பின், காபிக்கு முன் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்போனில் 5 நிமிடத்துக்கு அலாரம் வைத்துக் கவிழ்த்துவிடுங்கள்.

அடுத்து, போர்வையை நான்காக மடித்து அதன் விளிம்பில் சம்மணமிடுங்கள். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருந்தால் முதுகு தானாக நிமிரும். கீழே உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி, பாதம் தரையில் படிந்தால் சரி. பத்மாசனத்துக்கெல்லாம் கால்களை முறுக்க வேண்டாம்.

இப்போது மூச்சு. பிராணாயாமம் போல இழுத்து அடக்காமல், அது போகிற போக்கில் விடுங்கள். உள்ளே போகும்போது மூக்கு நுனியில் லேசான குளிர்ச்சி, வெளியே வரும்போது வெதுவெதுப்பு. அது பிடிபடாவிட்டால் வயிறு ஏறி இறங்குவதைக் கவனியுங்கள். மூச்சு வெளியேறும் ஒவ்வொரு தடவையும் ஓர் எண். பத்து வந்ததும் மறுபடி ஒன்று. முதல் வாரம் நான் பத்தைத் தொட்டதே இல்லை. நாலாவது மூச்சில் கரண்டு பில் வந்து நிற்கும்.

இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள், ‘எனக்கு மனசு அடங்கவில்லை’ என்று. தறியில் இழை அறுந்தால் ஓட்டுகிறவர் என்ன செய்கிறார்? தறியை நிறுத்தி, முனையைத் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்டு ஓட்டுகிறார். மனம் ஓடிவிட்டது என்று தெரிந்ததும் ‘யோசனை’ என்று உள்ளே ஒரு சொல் சொல்லிவிட்டு ஒன்றிலிருந்து எண்ணுங்கள். ஐந்து நிமிடத்தில் இருபது தடவை முடிச்சுப் போட்டால், இருபது தடவை பயிற்சி செய்திருக்கிறீர்கள். சத்தத்தையும் விரட்டாதீர்கள், கேட்டுவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள். ஒருநாள் கரண்டு போய்த் தறிகள் நின்றன. அந்த அமைதிதான் எனக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது!

மைண்ட்ஃபுல்னெஸ் (இந்தக் கணத்தில் விழிப்போடு இருப்பது) என்று இன்று சொல்வதன் வேர் பௌத்தர்களின் ஆனாபானசதி, அதாவது மூச்சின் மேல் கவனம். 1979இல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் என்ற அறிவியலாளர் இதை மருத்துவமனைக்குள் கொண்டுபோனார். அது எட்டு வாரப் பயிற்சியாகப் பரவியது. ஆத்தூர்ப் பக்கம் தியாகனூரில், தியானத்தில் அமர்ந்த பழைய புத்தர் சிலை இருக்கிறது. அந்த வழியாகப் போனால் முதுகு எப்படி நிமிர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

தூக்கம் வந்தால் கண்ணைப் பாதி திறந்துகொள்ளுங்கள். நெஞ்சு படபடத்தாலோ, பழைய வேதனை கிளம்பி வந்தாலோ நிறுத்திவிட்டு எழுந்து நடங்கள். தொடர்ந்தால் மருத்துவரிடம் பேசுங்கள்.

இரண்டு வாரம் ஓடியதும் பத்து நிமிடம் ஆக்கலாம். நடுவில் நாள் தவறும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா சமயத்தில் வீடு நிறைய உறவினர். ஆறு நாள் எனக்குப் போச்சு. ஏழாம் நாள் பாக்கியை அடைக்கிறேன் பேர்வழி என்று முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். எழுந்தபோது மரத்துப்போன கால் நிற்கவில்லை, காபி டம்ளர் மேலேயே விழுந்தேன். நீங்கள் ஐந்து நிமிடமே உட்காருங்கள்.