ஏஇபி: கார் தானாக பிரேக் பிடிப்பது எப்படி?

முன்னால் போகும் லாரி சடாரென நிற்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. அப்போது கார் தானே பிரேக் பிடிக்கும் வசதிதான் ஏஇபி (ஆட்டோமேட்டிக் எமர்ஜென்சி பிரேக்கிங்). இடிப்பதற்கு இன்னும் எத்தனை நொடி என்பதுதான் அதன் ஒரே கணக்கு.

முதலில் பார்க்க வேண்டும். முன்கண்ணாடியின் உள்பக்கம், ரியர்வியூ மிரருக்குப் பின்னால் கேமரா இருக்கும். பம்பருக்கோ லோகோவுக்கோ பின்னால் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார். எதிரே இருப்பது ஆளா, பைக்கா என்று பிரித்துச் சொல்வது கேமரா. தூரத்தையும் வேகத்தையும் அளப்பது ரேடார். கேமராவை மட்டும் நம்பும் கார்களும் உண்டு.

அடுத்தது வகுத்தல்: தூரத்தை வேகத்தால் வகுத்தால் மிச்சமிருக்கும் நொடி. 60 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். 40 மீட்டர் தள்ளி லாரி நின்றால் கையில் இருப்பது 2.4 நொடி. அதே லாரி உங்களுக்கு முன்னால் 40 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால் வேக வித்தியாசம் 20 கி.மீ.தான்; 7 நொடிக்கு மேல் கிடைக்கும். கார் சும்மா இருக்கும்.

நொடி குறையக் குறைய முதலில் பீப் சத்தம், டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு. பிறகு பிரேக் லைனில் லேசாக அழுத்தம் ஏற்றி, பிரேக் பேடைச் சக்கரத்தின் டிஸ்க்கோடு ஒட்டி வைக்கும். நீங்கள் மிதித்தது போதாவிட்டால் மீதியை அது சேர்க்கும். மிதிக்கவே இல்லையா? பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் யூனிட்டில் இருக்கும் மோட்டார் பம்பைச் சுழற்றி, பிரேக் ஆயிலை நான்கு சக்கரங்களுக்கும் தள்ளும். காய்ந்த ரோட்டில், நல்ல டயரோடு, 60-லிருந்து நிற்க ஏறக்குறைய 18 மீட்டர். மழையில் மொட்டை டயரோடு போனால் எந்த ஏஇபியும் காப்பாற்றாது.

கோளாறுகள் பெரும்பாலும் பாடி ஷாப்பில்தான் ஆரம்பிக்கும். ரேடாருக்கு முன்னால் பம்பரில் பட்டி தடவி, மேலே மெட்டாலிக் பெயின்டைக் கனமாக அடித்தால் அலை மங்கும். பம்பருக்கு முன்னால் மாட்டும் கிராஷ் கார்டு ரேடாரை அப்படியே மறைத்துவிடும். முன்கண்ணாடி மாற்றினால் கேமராவை மறுபடி கேலிபிரேட் செய்தே, அதாவது அதன் கோணத்தைச் சரிசெய்தே ஆக வேண்டும். கோணம் ஒரு டிகிரி விலகினாலே 50 மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட 90 செ.மீ. தள்ளிப் பார்க்கும். ‘பிறகு பார்க்கலாம்’ என்று வண்டியை எடுத்துவராதீர்கள்.

பக்கத்திலிருந்து பைக் திடீரென நுழைந்தால் கணக்குப் போடவே நேரம் இருக்காது. ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால், பல கார்களில் ஏஇபி பிரேக்கை விட்டுவிடும்.

வாரம் ஒருமுறை கேமராவுக்கு முன்னால் உள்ள கண்ணாடியையும் ரேடார் மூடியையும் ஈரத்துணியால் துடையுங்கள். இக்னிஷன் போட்ட பிறகும் ஏஇபி விளக்கு அணையாவிட்டால் சர்வீசில் காட்டுங்கள். அட்டைப்பெட்டியை ரோட்டில் வைத்துச் சோதிக்கும் வேலை மட்டும் வேண்டாம்: அட்டையை ரேடார் சரியாகப் பார்க்காது.