குடும்ப நினைவுகளிலும் அன்றாட வாழ்விலும் கதைக் கருவைத் தேடுவது எப்படி?

குடும்ப வரலாற்றில் கதை தேடுபவர்கள் பெரும்பாலும் பெரிய நிகழ்ச்சிகளையே முதலில் நாடுகிறார்கள்: ஊரைவிட்டுப் போன தாத்தா, கைநழுவிய சொத்து, எதிர்ப்பை மீறி நடந்த திருமணம். இவை பயனுள்ள தகவல்கள். ஆனால் இன்னும் கதைகள் ஆகவில்லை. ஒரே நிகழ்ச்சியை இருவர் இருவிதமாகச் சொல்லும் இடத்திலோ, சொல்லிக்கொண்டு வந்தவர் சட்டென்று பேச்சை மாற்றும் இடத்திலோதான் கரு இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். தேடலை அங்கிருந்து தொடங்குங்கள்.

வீட்டு மூத்தவர்களிடம் "உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால், பலமுறை சொல்லித் தேய்ந்த விவரங்களே கிடைக்கும். அதற்குப் பதிலாக ஒரு பொருளைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். பழைய புகைப்படத்தைக் காட்டி, அதில் இருப்பவர்கள் யார் என்பதோடு நிறுத்திவிடாமல், அன்று வீட்டில் இருந்தும் படத்தில் நிற்காதவர் யார், ஏன் நிற்கவில்லை என்று கேட்டால் பேச்சு வேறு திசையில் செல்லும். சிறுவயதில் குடியிருந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து காட்டச் சொல்வதும் மிகுந்த பலன் தரும். யார் எந்த அறையில் உறங்கினார்கள், எந்தக் கதவு எப்போதும் பூட்டிக் கிடந்தது என்பவை கோடு போடப் போட நினைவுக்கு வரும். பதில் வந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். சிறிது நேரம் பேசாமல் காத்திருந்தால், அவர்களே தொடர்ந்து சொல்வது பெரும்பாலும் முதலில் சொன்னதைவிட மதிப்புடையதாக இருக்கும். அனுமதி பெற்று ஒலிப்பதிவும் செய்துகொள்ளுங்கள். சாரத்தை மட்டும் குறித்துக்கொண்டால் அவருடைய சொற்கள் தொலைந்துபோகும்.

பிறகு அதே நிகழ்ச்சியை இன்னொருவரிடம் தனியாகக் கேளுங்கள். அக்காவின் நினைவில் அழுதுகொண்டே வீட்டைவிட்டுப் போன அத்தை, தம்பியின் நினைவில் சிரித்துக்கொண்டே போயிருக்கலாம். எது உண்மை என்று உடனே தீர்ப்பளித்துவிடாமல், இருவருக்கும் அது ஏன் அப்படிப் பதிந்தது என்று யோசியுங்கள். கடிதங்களையும் வரவு செலவுக் குறிப்பேடுகளையும் இதே கண்ணோடு படிக்க வேண்டும். நாள் தவறாமல் எழுதப்பட்ட கணக்கு திடீரென்று சில மாதங்கள் நின்றுபோயிருந்தால், எழுதப்பட்ட பக்கங்களைவிட அந்த வெற்றுப் பக்கங்களே கூடுதலாகக் கேள்வி எழுப்பும்.

அன்றாட வாழ்வில் தேடுவதற்குச் சிறிய குறிப்பேடு ஒன்று போதும். பார்த்ததை அன்றே எழுதுங்கள்; "கோபக்காரர்", "பாவம்" போன்ற முடிவுகளை விட்டுவிட்டு, அவர் செய்ததை மட்டும் எழுதுங்கள். மருத்துவமனையில் தம் பெயர் அழைக்கப்பட்ட பின்னும் எழுந்திருக்காமல் அமர்ந்திருந்த ஒருவரைப் பற்றி ஒரே வரி இருந்தாலும், பின்னொரு நாள் அது ஒரு கதாபாத்திரத்தைத் திறந்துவிடும்.

கிடைத்ததை அப்படியே எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கொலம்பிய எழுத்தாளர் காப்ரியல் கார்சியா மார்க்கேஸின் தந்தை தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். மார்க்கேஸின் தாயும் அவரும் காதலித்தார்கள். பெண் வீட்டார் அந்தக் காதலை எதிர்த்து மகளை வெளியூருக்கு அழைத்துச் சென்றபோதும், தந்தி ஊழியர்கள் வழியாகவே இருவரும் செய்தி பரிமாறிக்கொண்டார்கள். இவை 1985-இல் வெளியான மார்க்கேஸின் 'லவ் இன் தி டைம் ஆஃப் காலரா' நாவலில் இடம்பெறுகின்றன. ஆனால் வாழ்வில் அந்த இருவரும் மணந்துகொண்டார்கள். நாவலிலோ அப்பெண் காதலனை மறுத்து வேறொருவரை மணக்கிறாள், அவர்கள் சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. குடும்பக் கதையை எடுப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நான் அறியேன். உங்கள் குறிப்புகளிலும் ஒரு நிகழ்ச்சியை எடுத்து, முக்கியமான ஒருவர் அன்று வேறு முடிவெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதும்போது, பெயரை மாற்றுவது மட்டும் போதாது. தொழில், வயது, உறவுமுறை ஆகியவற்றையும் மாற்றுங்கள். நம்பிச் சொன்ன ரகசியமாக இருந்தால், வெளியிடும் முன் அவரிடமே படிக்கக் கொடுத்து, அவர் வேண்டாம் என்ற பகுதியை நீக்கிவிடுங்கள்.